ஸ்டாண்டுக்காரர் தார் என்று சொன்ன கதை

ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், சரக்கு இறக்குகிற மேடையை ஒட்டி ஒரு வண்டி ஸ்டாண்டு இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை நடத்துகிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி முகத்துக்கு நேரே அவர் ஸ்டாண்டுக்காரர், முதுகுக்குப் பின்னால் பாப்போம். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். மழை வருமா என்று கேட்டாலும் பாப்போம். மணி என்ன என்று கேட்டால்கூட ஒரு தடவை பாப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் கடிகாரம் கட்டிய கையைத் திருப்புவார்.

கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் கேட்டவர் முகம் வாடும், வேண்டும் என்று சொன்னால் பக்கத்தில் நிற்கிறவர் முகம் வாடும், இரண்டு வாட்டமும் நமக்கு எதற்கு என்பது அவருடைய கணக்கு. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள். இவர் நழுவுகிற சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளமாட்டார். அப்படியே கிடப்பார், கழுவுகிறவர்களே அலுத்துப்போய் எழுந்து போய்விடுவார்கள்.

ஸ்டாண்டே அப்படி வந்து சேர்ந்ததுதான். அது அவருடைய பெரியப்பா மகனுக்குச் சொந்தமாக இருந்தது. பெரியப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் தையல்காரன், நடுவிலவள் மடத்தனமாக யாரையோ நம்பிப் போய்ப் பிறகு நன்றாகவே வாழ்ந்தவள், இவன் கடைசி. கடைசியானவன் ஒரு நாள் வந்து, வெளியூரில் ஒரு வேலை இருக்கிறது, ஒரு வாரம் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள் என்றான். போனவன் அங்கே ஒரு லாரி ஆபீசில் உட்கார்ந்தான். அங்கேயே கல்யாணம் செய்தான், பிள்ளை பெற்றான், பேரனும் எடுத்துவிட்டான். நடுவில் ஒரு தடவை வந்து, இடத்தை நீயே வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டான். இவர் என்ன சொல்லியிருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஒரு வாரம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கல்யாணமும் அந்த மாதிரியே. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த ஒரு பெண் தினமும் சைக்கிளைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் விடுவாள். அவள் சைக்கிளை மட்டும் இவர் நிழலில் நகர்த்தி வைப்பார். வெயில் திரும்பினால் சைக்கிளும் திரும்பும். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒரு நாள் அவளே, எங்க வீட்டுக்கு வந்து பேசுறீங்களா இல்லையா என்று கேட்டாள். பாப்போம் என்றார். அவள் வீட்டுக்குப் போய், ஆள் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருடைய பாப்போமுக்கு அர்த்தம் சொல்லுகிற வேலை அவளுடையதாயிற்று. தலையைச் சொறிந்துகொண்டு சொன்னால் சரி. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னால் வேண்டாம். துண்டை உதறிக்கொண்டு சொன்னால், காதிலேயே விழவில்லை. டெலிபோன் ஆபீசில் இருந்தவள் அல்லவா, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்குக் கொடுத்துப் பழக்கம்.

பிறந்தது இரண்டும் பெண். பெரியவள் அம்மா சாயல், வாயும் அப்படியே. சின்னவள் சிரித்தே காரியம் சாதிக்கிறவள். பெரியவள் பள்ளிக்கூடம் முடித்ததும் வெளியூரில் நர்ஸ் படிப்புக்குப் போகவேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். அந்தச் சமயம் பார்த்து அம்மாக்காரி தன் தாயாருக்கு உடம்பு முடியாமல் அங்கே போய் இருந்தாள். அர்த்தம் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பெண் காலையில் கேட்டாள், மாலையில் கேட்டாள், ஸ்டாண்டுக்கே வந்து கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பாப்போம். தாய் திரும்பி வந்தபோது சேருவதற்கான கடைசித் தேதி போயிருந்தது. தாய் அதிலிருந்து ஒரு பாடம் படித்துக்கொண்டாள். சின்னவள் கணக்குப் படிக்கவேண்டும் என்றபோது யாரையும் கேட்காமல் பெட்டியைக் கட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்து, சேர்த்துட்டேன் என்றாள். அவர் சரி என்றார். முடிந்துபோன விஷயத்துக்குச் சரி சொல்ல அவர் எப்போதும் தயங்கியதில்லை.

பெரியவள் இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை வரிசைப்படி கூப்பிடுகிறாள். வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸுகள் நாள் முழுக்க அவள் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தக் கட்டிடத்தை அப்படிக் கட்டியிருக்கிறார்கள், யாரைச் சொல்லி என்ன.

இனி தரை விஷயத்துக்கு வரலாம். ஸ்டாண்டின் தரை மண் தரை. வெயில் காலத்தில் புழுதி பறக்கும், மழைக் காலத்தில் களி. ஒரு மழையில் வங்கி அதிகாரி ஒருவர் வண்டியை விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார். அவர் ஓடினார், அவருடைய இடது கால் ஷூ ஓடவில்லை. ஒற்றை ஷூவோடு ரயில் ஏறி, ஒற்றை ஷூவோடு நாள் முழுக்க வேலை பார்த்து, சாயங்காலம் வந்து கேட்டார். டோக்கன்காரர் கம்பியை விட்டுத் துழாவிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கோடையில் மண் காய்ந்து வெடித்தபோது அது தானாக மேலே வந்தது. அதற்குள் அதிகாரிக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது.

டோக்கன்காரர் என்பவர் வண்டிக்கு டோக்கன் கொடுத்து வாங்குகிறவர். ஸ்டாண்டுக்காரரைவிட மூத்தவர், அதனால் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மனதில் தோன்றியதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இன்னொரு மழையைத் தாங்காது தம்பி, பெண்பிள்ளைகள் எல்லாம் வேறு ஸ்டாண்டு பார்க்கிறார்கள், தரையைப் போட்டுவிடு என்றார். வீட்டிலும் அதையே சொன்னார்கள். தரை போடுவது என்று ஆயிற்று. தாரா கான்கிரீட்டா என்பது மட்டும்தான் பாக்கி.

மற்ற ஊர் மற்ற வீடு என்றால் இது ஒரு நாள் பேச்சு. இந்த வீட்டில் மூத்த மாப்பிள்ளை தார் ரோடு போடுகிற காண்ட்ராக்டர், இளைய மாப்பிள்ளை கான்கிரீட் தளம் போடுகிற காண்ட்ராக்டர். ஊரில் எத்தனையோ தொழில் இருக்கிறது. ரொட்டிக் கடை வைக்கலாம், கண்ணாடி வெட்டலாம், ஒன்றுமே செய்யாமல்கூட இருக்கலாம். இந்தச் சகலைகள் இரண்டு பேரும் தரையையே பிடித்துக்கொண்டார்கள்.

செய்தி தெரிந்த அன்றைக்கே இரண்டு பெண்களும் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். பெரியவள், எங்க வீட்டுக்காரர் இருக்கும்போது வேற யார் போடுறது என்றாள். சின்னவள், எங்க வீட்டுக்காரர் வேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அப்பாவுக்கே தெரியும் என்றாள். ஒரு வாரத்துக்குள் அக்காளும் தங்கையும் ஒருத்திக்கொருத்தி போன் பேசுவதை நிறுத்தி, இரண்டு பேரும் அம்மா வழியாகப் பேச ஆரம்பித்தார்கள். டெலிபோன் ஆபீசை விட்டு வந்து எத்தனையோ வருஷம் கழித்து அந்த அம்மாள் மறுபடியும் பழைய வேலைக்குப் போனது மாதிரி ஆயிற்று.

அவள் ஒரு நாள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இத்தனை வருஷம் நீங்க பாப்போம்னா என்ன அர்த்தம்னு நான்தான் சொன்னேன். இதுக்கு நான் சொல்லமாட்டேன். ரெண்டும் என் வயித்துல பிறந்தது. நான் ஒருத்தி பக்கம் சொன்னா இன்னொருத்திக்கு நான் அம்மா இல்லாம போயிடுவேன். உங்களுக்கு அந்தப் பயம் இல்லைங்க, நீங்க எப்பவுமே யாருக்கும் ஒண்ணும் சொன்னதில்ல. நீங்களே சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் மூத்த மாப்பிள்ளை உச்சி வெயிலில் ஸ்டாண்டுக்கு வந்தார். மாமனார் ஸ்டாண்டுதான் என்றாலும் வண்டியை விட்டு டோக்கன் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அப்படிப்பட்ட ஒழுங்கு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தான் வந்தது வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மாமா, தார் ஓடுற வண்டிக்கு. நிக்கிற வண்டிக்குக் கான்கிரீட்டுதான். வெயில் ஏறினா தார் இளகும். சைடு ஸ்டாண்டு ஊசி மாதிரி உள்ள இறங்கும். ஒரு வண்டி சாஞ்சா வரிசையே சாயும். பெட்ரோல் சொட்டுற இடமெல்லாம் அரிச்சுடும். ரயிலுக்கு வர்ற அத்தனை பேரும் பாக்கிற இடம் மாமா இது. இத்தனை வருஷமா ரோடு போட்டு எடுத்த பேரு ஒரு கோடையில போயிடும். உங்க பொண்ணுகிட்ட என்னால சொல்ல முடியாது. நீங்க கான்கிரீட்டுன்னு சொல்லிடுங்க."

பாப்போம் என்றார் ஸ்டாண்டுக்காரர்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ இளைய மாப்பிள்ளை வந்தார். அவரும் சுற்றும் முற்றும் பார்த்தார். அவரும் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றார். கான்கிரீட் என்றால் விரிசல் விடத்தான் செய்யும், விரிசல் விடாத கான்கிரீட்டைத் தன் தொழிலில் இன்னும் பார்க்கவில்லை, வெளியாள் இடம் என்றால் அவர்கள் போனை எடுக்காமல் இருந்துகொள்ளலாம், மாமனார் போனை எப்படி எடுக்காமல் இருப்பது என்று கேட்டார். அதுவும் போக, கான்கிரீட் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வாரக்கணக்கில் காயவிடாமல் வைக்கவேண்டும், அதுவரை ஸ்டாண்டை மூடினால் அந்தப் பழியும் தன் தலையில்தான் என்றார். தாரே போட்டுவிடுங்கள் மாமா, சகலை நல்ல வேலைக்காரர் என்றார்.

பாப்போம் என்றார் ஸ்டாண்டுக்காரர்.

ஆக வேலை வேண்டும் என்று பெண்டாட்டிகள் இரண்டு பேரும் முட்டிக்கொண்டிருக்க, வேலை வேண்டாம் என்று புருஷன்கள் இரண்டு பேரும் தனித்தனியே வந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் யாரிடமும் எதையும் சொல்லுகிறவர் இல்லையே, அதனால் இரகசியம் சொல்ல அவரைவிட நல்ல இடம் அந்த ஊரில் கிடையாது. டோக்கன்காரருக்கு மட்டும் காது நன்றாகக் கேட்கும். இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு, உனக்கு வாய்த்த மாப்பிள்ளைகள் தங்கம் தம்பி, உரசிப் பார்க்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள் என்றார்.

அதற்குப் பிறகு வந்தவள் பெரியவள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். டோக்கன்காரரின் முக்காலியை இழுத்துப் போட்டு அப்பா எதிரில் உட்கார்ந்தாள். டோக்கன்காரர் எழுந்து போய் ஒரு சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வேற வேலை இல்லாம நான் வரலப்பா" என்றாள். "நர்ஸ் படிப்புக்குக் கேட்டப்ப பாப்போம்னீங்க. போகாதேன்னு சொல்லியிருந்தாக்கூட உங்ககூட சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஓடிப்போயாவது சேர்ந்திருப்பேன். சண்டை போடக்கூட ஒண்ணும் குடுக்கல நீங்க. நீங்க சும்மா இருந்தா அது எப்பவும் சின்னவளுக்குத்தான் போய்ச் சேருது, உங்களுக்கே தெரியாது. இப்பவும் நீங்க சும்மா இருந்தா கான்கிரீட் வண்டி வந்து நிக்கும், பாருங்க. சின்னவளுக்குத்தான்னா, வாயைத் திறந்து சின்னவளுக்குன்னு சொல்லுங்க. ஏத்துக்கிறேன், நல்லது கெட்டதுக்கு வந்துட்டுப் போறேன். சொல்லாமலே விட்டீங்கன்னா, உங்க வீட்டு வாசலை நான் மிதிக்கமாட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதைச் சொல்லாதீங்க. அதைச் சொல்றதுக்குப் பேசாமலே இருங்க."

அவர் பேசாமலே இருந்தார். அவள் எழுந்து, முக்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். பெரியவளின் குணம் அது, கோபத்திலும் எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைப்பாள்.

அவள் சொன்னது மாதிரியேதான் நடந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அப்பா ஒன்றும் சொல்லவில்லையென்றால் அது நமக்குத்தான் என்று சின்னவள் முடிவு செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்வதற்கு இல்லை. பிறந்ததிலிருந்து அப்படியே நடந்து பழகியவள். ஜல்லிக்குச் சொல்லியாயிற்று, திங்கட்கிழமை கலவை எந்திரம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம், பேசி முடித்துக்கொள்வோம் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதை இந்தப் பக்கம் கொடுத்தாள். பெரியவள், வர்றேன், கடைசியா ஒரு தடவை வர்றேன் என்றாள். அதையும் அம்மா அந்தப் பக்கம் கொடுத்தாள், கடைசியாக என்ற சொல்லை மட்டும் தான் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சகலைகள் இரண்டு பேரும் ஒரே சோபாவில், இரண்டு ஓரத்தில். மூத்தவர் முகத்தில் சுமை இறங்கின நிம்மதி. இளையவர் முகத்தில் போன் வரப்போகிற கவலை. சின்னவள் டீயைக் கொடுத்துக்கொண்டே, பாத்தி கட்டித் தண்ணீர் விட யாரை வைக்கலாம், வண்டிகளை அதுவரை எங்கே விடலாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். எல்லாம் நல்ல யோசனைதான். பெரியவள் கதவோரத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

ஸ்டாண்டுக்காரர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"தார்" என்றார்.

அந்த வீட்டில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை, அதனால் யார் பேசியது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூத்த மாப்பிள்ளைக்கு டீ புரை ஏறியது. இளைய மாப்பிள்ளை அவர் தலையில் தட்டிக் கொடுத்தார். சகலை என்பதற்காக மட்டும் தட்டியதாகத் தெரியவில்லை, கையில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது.

சின்னவள்தான் முதலில் பேசினாள். "என்னப்பா இது. வண்டி நிக்கிற இடத்துல யாராவது தார் போடுவாங்களா? வெயில்ல எல்லாம் சாயும்பா."

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"பெரியவ வீட்டுக்காரர் போடட்டும்" என்றார். "தார்தான். நான்தான் சொல்றேன்."

அத்தனை சொற்களை அவர் சேர்ந்தாற்போல் சொல்லி முடித்ததில் அவருக்கே மூச்சு வாங்கியது. அவர் பெண்டாட்டி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இதற்கு யாரும் அர்த்தம் சொல்லவேண்டியிருக்கவில்லை. சின்னவள் கொடுத்துக்கொண்டிருந்த டீயை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவள் புருஷன் பின்னாலேயே போனார், போகிறபோது மாமனாரை நன்றியோடு ஒரு பார்வை பார்த்தார். பெரியவள் கைப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து, டம்ளர்களை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போய்க் கழுவினாள். ஒவ்வொன்றையும் வெகுநேரம் கழுவினாள்.

தார் போட்டார்கள். மூத்த மாப்பிள்ளை முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போட்டாலும் வேலையில் குறை வைக்கவில்லை. ஜல்லியை நன்றாகக் கெட்டிப்படுத்தி, தண்ணீர் ஓட வாட்டம் பார்த்து, ரோலர் ஓட்டி, ஓரத்தையெல்லாம் தானே நின்று இழைத்தார். மழை வந்தது. ஒரு சொட்டு நிற்கவில்லை. ஒருவருடைய ஷூவும் போகவில்லை. ரயிலுக்கு வருகிறவர்கள் தரையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மூத்த மாப்பிள்ளைக்கே, ஒருவேளை தப்பித்துவிட்டோமோ என்று ஒரு நப்பாசை வந்துவிட்டது.

பிறகு வெயில் வந்தது. அது யாருக்காகவும் வராமல் இருக்கப்போவதில்லை.

முதலில் சாய்ந்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் ஸ்கூட்டர். அது தன் பக்கத்து வண்டிமேல் சாய்ந்தது, அந்த வண்டி அதற்குப் பக்கத்து வண்டிமேல் சாய்ந்தது. கடைசி வண்டி கம்பத்தில் முட்டி நின்றபோது ஒரு வரிசை முழுக்க, அசந்து தூங்குகிறவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்ட மாதிரி இருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த டோக்கன்காரர், அதைப் பார்த்துவிட்டு அவசரப்படாமல் நின்றார். இனி ஓடி என்ன ஆகப்போகிறது.

அன்று சாயங்காலமே ஸ்டாண்டுக்காரர் மரக்கடைக்குப் போய்ப் பலகைத் துண்டுகளைக் கோணியில் போட்டுக்கொண்டு வந்தார். வண்டி விடுகிறவர்களுக்கு டோக்கனோடு ஒரு பலகைத் துண்டு. சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளவேண்டும், போகும்போது திருப்பிக் கொடுக்கவேண்டும். திருப்பிக் கொடுக்க மறந்தவர்கள் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலில் போனார்கள். மதிய வெயிலில் ஸ்டாண்டுக்காரரே வரிசை வரிசையாகக் குனிந்து, இறங்கின சைடு ஸ்டாண்டைத் தூக்கிவிட்டுப் பலகையைச் செருகிக்கொண்டே போவார். கடைசி வரிசைக்குப் போவதற்குள் முதல் வரிசை இறங்கத் தொடங்கும். மறுபடி வருவார். இந்த வயதில் இது எதற்குத் தம்பி, அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், உனக்குத்தான் அது நன்றாக வருமே என்று டோக்கன்காரர் கேட்டார். ஸ்டாண்டுக்காரர் பலகையைச் செருகிக்கொண்டே, இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

சாய்ந்த வண்டிகளைப் பற்றி ஊரில் பேசினார்கள். பேச்சு மூத்த மாப்பிள்ளை காதுக்கும் போயிற்று. அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, நான் அன்றைக்கே ஸ்டாண்டுக்குப் போய் உன் அப்பாவிடம் காலில் விழாத குறையாகச் சொன்னேன், தார் வேண்டாம், வண்டி சாயும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன், எல்லாம் கேட்டுக்கொண்டு அந்த மனுஷன் தார் என்று சொல்லிவிட்டார் என்று கத்தினார். கத்தி முடித்த பிறகுதான் இதைப் பெண்டாட்டியிடம் மறைத்து வைத்திருந்தது அவருக்கு நினைவு வந்தது.

மறுநாள் மதியம் பெரியவள் ஆஸ்பத்திரியில் ஒருத்தியை மேசையில் உட்காரச் சொல்லிவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தாள். அப்பா மூன்றாவது வரிசையில் குனிந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"வண்டி சாயும்னு அவர் வந்து சொன்னாரா உங்ககிட்ட?"

"சொன்னார்."

"அவரே வேண்டாம்னாரா?"

"வேண்டாம்னார்."

"தெரிஞ்சுதான் தார்னு சொன்னீங்களா?"

"ஆமா" என்றார். நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டார். "நர்ஸ் படிப்புக்குப் போன்னு சொல்லியிருக்கணும். அதை இனிமே சொல்ல முடியாது. இதைத்தான் சொல்ல முடிஞ்சுது."

அவள் வரிசையைப் பார்த்தாள். பலகைகளைப் பார்த்தாள். ஒரு ஸ்கூட்டர் மெல்லச் சாயத் தொடங்கியது, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலே மறு கையால் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அவள் கூப்பிட்டது தங்கையை. அவர்கள் இரண்டு பேரும் நேராகப் பேசி ஒரு மழைக்காலமும் பாதிக் கோடையும் ஆகியிருந்தது.

"நான்தான்டி. ஏன், என் குரல் மறந்துபோச்சா? ... திட்டுறதை அப்புறம் திட்டு, கையில ஒரு வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு. வண்டி போற வழியெல்லாம் தார் அப்படியே இருக்கட்டும், அது நல்லா இருக்கு. சைடு ஸ்டாண்டு இறங்குற இடத்துல மட்டும் வரிசைக்கு ஒரு கான்கிரீட் பட்டை போட்டாப் போதும். ஒவ்வொரு வரிசையா மூடிப் போட்டா ஸ்டாண்டையும் மூடவேண்டாம். எங்க வீட்டுக்காரர் தாரை வெட்டிக் குடுப்பார் ... ஒத்துக்குவார், ஒத்துக்காம எங்க போவார் ... நீ சொன்னது சரிதான்டி. சாயும்னுதான் சொன்னே. சாயுது. போதுமா?"

அந்தப் பக்கம் சின்னவள் நிறையப் பேசினாள். அக்காள் இடையிடையே ம் என்றாள், ஒரு தடவை போடி என்றாள், ஒரு தடவை சிரித்தாள். டோக்கன்காரர் வந்து ஸ்கூட்டரை அவள் கையிலிருந்து வாங்கிப் பலகையில் நிறுத்தினார். வேலை வேண்டாம் என்று ஒளிந்து ஒளிந்து வந்து சொன்ன சகலைகள் இரண்டு பேரும் இப்போது இரண்டு பேருமாக வேலையில் மாட்டிக்கொண்டார்கள், ஒருவர் வெட்டவேண்டும், இன்னொருவர் நிரப்பவேண்டும். இதை நினைத்துப் பார்த்ததில் டோக்கன்காரருக்கு அந்தக் கோடையிலேயே முதல்முறையாக மனம் குளிர்ந்தது.

பெரியவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி அப்பா பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேக்கிறா."

அவர் ஸ்டாண்டை ஒரு சுற்றுப் பார்த்தார். தண்டவாளப் பக்கம் நிழல், அங்கே தார் அவ்வளவாக இளகவில்லை. வாசல் பக்கம்தான் நாள் முழுக்க வெயில். பெரியவள் அவசரப்படுத்தவில்லை, போனில் இருந்தவளையும் இரு என்று நிறுத்திவைத்தாள்.

"வாசல் பக்கத்துல இருந்து" என்றார்.

அவள் போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"வாசல் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும்டி" என்றாள். "அப்பா சொல்றாரு."